தூங்கவும் வேண்டும், கூப்பிட்டால் கேட்கவும் வேண்டும்!



எங்கள் அச்சன்புதூரில் சாரல் தொடங்கிவிட்டால் முற்றத்தில் கால் வைக்கவே பயம்தான். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சீசன். வீட்டில் கிடக்கிற நமக்கோ காயாத துணி, நமுத்துப்போன தீப்பெட்டி, பாசி பிடித்த படிக்கட்டு! அப்படி ஓர் ஆடி மாதக் காலையில்தான் என் மாமியார் புறவாசலில் வழுக்கி விழுந்தார். எனக்கு அவர் அத்தை. ஊருக்கெல்லாம் 'வடகரை ஆச்சி'. பக்கத்து ஊரான வடகரையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், அதனால் அந்தப் பெயர். வயது 78. தென்காசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வலது இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து பார்த்தார். சின்னப் பெண்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். "முதுகுல ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வச்சிருவோம். முழு மயக்கம் வேண்டாம்" என்றார். எங்கள் வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர், அம்மா பயந்த சுபாவம். எலும்பைத் தட்டுத சத்தம் கேட்டாலே உயிர் போயிரும். எவ்வளவு செலவானாலும் பரவால்ல, ஒண்ணுமே தெரியாம நல்லாத் தூங்க வச்சிருங்க" என்றார். நாத்தனாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டே அதையேதான் சொன்னாள். என் மனசிலும் அதுதான், மறைப்பானேன்?

டாக்டரம்மா சிரித்தார். "தூங்க வைக்கிறது லேசுக்கா. எவ்வளவு தூரத்துக்குத் தூங்க வைக்கணும், அங்கேயே எப்படி நிப்பாட்டி வைக்கணும்... அதுதான் எங்க வேலையே" என்றார். பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து சொன்னார். அவரிடம் கேட்டதையும், அதற்கப்புறம் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நம் வீடுகளில் யாருக்காவது பிரசவத்துக்கோ எலும்புக்கோ குடலிறக்கத்துக்கோ இந்த ஊசி போடாமல் இருக்கப்போவதில்லையே!

முதுகு ஊசி புதிய விஷயம் இல்லை. 1898இல் ஜெர்மனியில் கீல் என்ற ஊரில் ஆகஸ்ட் பியர் என்ற டாக்டர் தொடங்கிவைத்தது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அவரும் அவருடைய உதவியாளரும் தங்கள் முதுகிலேயே பரீட்சை செய்து பார்த்தார்களாம். உதவியாளரின் முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்தாலும் அவருக்கு வலிக்கவில்லையாம். மறுநாள் இரண்டு பேருக்கும் மண்டையைப் பிளக்கும் தலைவலி! இன்றைக்கு ஊசி முடி போல மெலிந்துவிட்டது, மருந்தும் மாறிவிட்டது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழே, நரம்புகளைச் சுற்றியுள்ள நீரில் மருந்தைச் செலுத்துகிறார்கள். சில நிமிஷத்தில் கால் கனத்து மரத்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். தொட்டால் தொடுவது தெரியலாம், இழுப்பது தெரியலாம், வலிதான் தெரியாது.

வலியில்லை, சரி. ஆனால் மனுஷர் விழித்துக்கொண்டு கிடக்கிறாரே! குளிர்ந்த அறை, முகத்துக்கு முன்னால் திரை, தட்டுகிற சத்தம், ஒரே நிலையில் ஒருக்களித்துப் படுத்ததால் தோள் வலி. அதற்காகத்தான் கையிலுள்ள டிரிப் வழியாகக் கொஞ்சம் தூக்க மருந்து கொடுக்கிறார்கள். மிடசோலம் என்று ஒன்று. புரோபோஃபால் என்று பால் மாதிரி வெள்ளையாக ஒன்று. இன்னும் சில உண்டு. எல்லாருக்கும் கட்டாயம் இல்லை. ஆபரேஷன் முழுக்க டாக்டரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே கிடக்கிறவர்களும் இருக்கிறார்களாம்.

இந்தத் தூக்கத்தைப் பற்றி டாக்டரம்மா சொன்ன உதாரணம் என் மனசில் நின்றுவிட்டது. "ஆத்துல இறங்குற மாதிரிக்கா. கணுக்கால் தண்ணி, முழங்கால் தண்ணி, கழுத்துத் தண்ணி. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கோடு போட்டிருக்காது. ஒரே அளவு மருந்துல ஒருத்தர் முழங்கால் தண்ணியில நிப்பாங்க, இன்னொருத்தர் மூழ்கிருவாங்க. வயசானவங்க சீக்கிரம் மூழ்கிருவாங்க."

மூழ்கினால் என்ன ஆகும்? முழு மயக்கம் கொடுக்கும்போது பெரும்பாலும் தொண்டையில் குழாய் வைத்து மூச்சை டாக்டர்களே பார்த்துக்கொள்கிறார்கள். முதுகு ஊசியில் குழாய் கிடையாது. ஆச்சிதான் தன் மூச்சைத் தானே விட வேண்டும். தூக்கம் அளவு மீறினால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும், மூச்சு மந்தமாகும். முதுகு ஊசியே ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும், இதுவும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அரைகுறை மயக்கத்தில் சிலருக்குத் தன்னறிவு போய், எழுந்திருக்கப் பார்ப்பது, கையை உதறுவது, வாய்க்கு வந்ததைப் பேசுவது என்று ஆரம்பித்துவிடுமாம். 'தூக்கம் போதவில்லை போலிருக்கிறது' என்று அப்போது இன்னும் மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. சில சமயம் பிராணவாயு குறைவதுதான் அந்தத் தவிப்புக்கே காரணமாக இருக்கும்.

அப்படியானால் ஆழத்தை எப்படி அளப்பது? நான் ஏதோ பெரிய மிஷின் இருக்கும் என்று நினைத்தேன். இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஆனால் முதல் கருவி என்ன தெரியுமா? பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது!

ஆமாம் சகோதரிகளே, அதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். 1990இல் அமெரிக்க டாக்டர்கள் சோதித்து வெளியிட்ட அளவு ஒன்று உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. சாதாரணக் குரலில் பெயரைச் சொன்னதும் சட்டென்று பதில் வந்தால் 5 மார்க். பதில் வருகிறது, ஆனால் சோம்பலாக, இழுத்து இழுத்து வருகிறது என்றால் 4. உரக்கவோ இரண்டு மூன்று தடவையோ கூப்பிட்டால்தான் கண் திறக்கிறது, அது 3. தோளைத் தட்டி உலுக்கினால்தான் அசைகிறார், 2. கழுத்தும் தோளும் சேரும் இடத்துச் சதையை அழுத்திக் கிள்ளினால்தான் அசைவு, 1. அதற்கும் அசையவில்லை என்றால் 0. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவதும் இந்த வரிசையில்தானே நடக்கிறது! இதற்கும் முன்னால், 1974இல் லண்டனில் ராம்சே என்ற டாக்டர் தீவிர சிகிச்சை நோயாளிகளுக்காக 6 படிகள் கொண்ட ஓர் அளவை வகுத்தார். அதில் பொட்டு வைக்கும் இடத்தில், இரு புருவத்துக்கும் நடுவில் விரலால் லேசாகத் தட்டிப் பார்ப்பதும் ஒரு படி. முதுகு ஊசி ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் 3, 4 மார்க்கிலேயே நிறுத்திவைக்கப் பார்ப்பார்களாம். சில நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பொறி தட்டியது. "டாக்டரம்மா, அத்தைக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. வலது காதுதான் கொஞ்சம் கேக்கும்" என்றேன். அவர் உடனே பேனாவை எடுத்தார். "அப்புறம் ஒண்ணு. நீங்க கேஸ் சீட்டுல இருக்கிற பேரைச் சொன்னா அத்தை திரும்பவே மாட்டாவ. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அறுபது வருஷம் இருக்கும். வடகரை ஆச்சின்னு கூப்பிடுங்க" என்றேன். எழுதிக்கொண்டு, "அக்கா, இது பெரிய உதவி. கேக்காத காதுல தெரியாத பேரைச் சொல்லிட்டு, ஆச்சி ரொம்ப ஆழத்துக்குப் போயிட்டாங்கன்னு நான் பயந்து போயிருப்பேன்" என்றார்.

வலது இடுப்பில் ஆபரேஷன் என்பதால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்கப் போகிறார்கள். நல்ல காது மேலே இருக்கும். நல்ல வேளை! காதில் மிஷின் வைத்துக்கொள்கிறவர்கள் வீட்டில் இருந்தால், "தியேட்டருக்குள் போகும்போதும் அது காதிலேயே இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். நாமாகவே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்துவிடுகிறோம்.

இனி மிஷின்களுக்கு வருவோம். விரலில் மாட்டுகிற கிளிப் நமக்கெல்லாம் 2020இல் கொரோனா வந்தபோதே பழக்கமாகிவிட்டது. அதன் தத்துவத்தை 1974இல் வெளியிட்டவர் டக்குவோ அவோயாகி என்ற ஜப்பானிய இஞ்ஜினீயர். 95க்கு மேல் காட்டினால் நிம்மதி என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். ஆனால் ஆபரேஷன் மேஜையில் அதை மட்டும் நம்ப முடியாதாம். மூக்கில் பிராணவாயு கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மூச்சு மந்தமான பிறகும் கொஞ்ச நேரம் நம்பர் நன்றாகவே நிற்கும். விழும்போது மளமளவென்று விழும். அதனால் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளக்கும் சின்னக் குழாயை மூக்கருகே வைக்கிறார்கள். திரையில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு எழும். மேடு எழவில்லை என்றால் மூச்சு இல்லை என்று அர்த்தம். அந்தக் கணமே தெரிந்துவிடும்.

விரல் கிளிப்புக்கு ஒரு விரோதி நம் நகப்பூச்சு. அடர்ந்த கறுப்பு மருதாணியும் சில சமயம் கணக்கைக் குழப்பும். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த கையோடு ஆஸ்பத்திரியில் சேருகிறவர்கள் நகப்பூச்சையாவது அழித்துவிட்டுப் போங்கள். மருதாணியை அழிக்க முடியாது, அதை டாக்டரிடம் சொன்னால் வேறு விரலிலோ காது மடலிலோ மாட்டுவார்கள்.

மூளையின் மின் அலைகளைப் படித்து 0லிருந்து 100 வரை நம்பர் போட்டுக் காட்டும் கருவியும் இருக்கிறது. பிஸ் என்பார்கள். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று வந்தது. நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டுவார்கள். நன்றாக விழித்திருந்தால் 100ஐ ஒட்டி நிற்கும். முழு மயக்கத்தில் 40க்கும் 60க்கும் நடுவில். லேசான தூக்கம் அதற்கு மேலே. எண்ணெய் பிசுக்கும் குங்குமமும் இருந்தால் பட்டை ஒட்டாது; அதனால் நர்ஸம்மா நெற்றியைத் துடைத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்! எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்தக் கருவி இல்லை. இருந்தாலும் முகத் தசைகள் துடித்தாலோ, ரத்தம் நிறுத்த மின்கருவி ஓடினாலோ நம்பர் தடுமாறும். கூப்பிட்டுப் பார்க்கிற வேலை அப்போதும் போகாது.

நோயாளியின் மூச்சைக் கண் எடுக்காமல் பார்ப்பதில் நம் தேசத்துப் பெண்ணொருத்தி முன்னோடி என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹைதராபாத்தில் 1888, 1889ஆம் ஆண்டுகளில் நிஜாமின் பணத்தில் குளோரோபாரம் ஆராய்ச்சிக் குழுக்கள் கூடின. எட்வர்ட் லாரி என்ற ஆங்கிலேய டாக்டர் அதற்குத் தலைமை. 'நாடியை விடு, மூச்சைப் பார்' என்பது அவர் கட்சி. அவரிடம் படித்த ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண் அந்த நாளிலேயே மயக்க மருந்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர். உலகின் முதல் பெண் மயக்க மருந்து டாக்டர் அவர்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். லாரி சொன்னதில் பாதிதான் சரி. குளோரோபாரம் இதயத்தையும் நிறுத்தும் என்பது பிற்பாடு நிரூபணமானது. இன்றைக்கு மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், நினைவு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் விடுவதாக இல்லை. "சரி டாக்டர், மூச்சை நீங்க பாத்துக்கிடுதீங்க. அப்போ ஆழமாத் தூங்கினா என்ன?" என்றார். அதற்கு டாக்டரம்மா சொன்ன காரணம்தான் எங்கள் வாயை அடைத்தது. வயதானவர்களுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்த பிறகு சில நாள் புத்தி தடுமாறுவதுண்டு. சாயங்காலமானால் 'நான் எங்கே இருக்கேன்' என்பது, இல்லாத ஆளோடு பேசுவது, டிரிப்பைப் பிடுங்குவது... உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் பால்டிமோர் டாக்டர்கள் முதுகு ஊசி போட்டு இடுப்பு ஆபரேஷன் செய்த 114 முதியவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது. ஆழமாகத் தூங்கவைத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு இந்தத் தடுமாற்றம். லேசாகத் தூங்கியவர்களில் 19 சதவீதம்தான். அதே டாக்டர்கள் 2018இல் 200 பேரை வைத்துச் செய்த பெரிய ஆராய்ச்சியில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை, 39க்கு 34 என்றுதான் வந்தது. ஆனால் வேறு பெரிய வியாதி இல்லாதவர்களை மட்டும் தனியே பார்த்தபோது ஆழ்ந்த தூக்கம் கெடுதல் செய்திருந்தது. அத்தைக்குச் சர்க்கரை கிடையாது, இதயக் கோளாறு கிடையாது. பிறகு யாரும் வாதாடவில்லை.

அன்று ராத்திரி டாக்டரம்மா கேட்ட கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன். குறட்டை உண்டா? எந்தப் பக்கம் படுத்தால்? நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்ததுண்டா? இதைக் கூடப் படுக்கிறவர்கள்தான் சொல்ல முடியும். குறட்டை விடுகிறவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். கட்டுப்பல் உண்டா? தூக்க மாத்திரை சாப்பிடும் பழக்கம் உண்டா? இந்த இடத்தில் அத்தை திருதிருவென்று விழித்தார். அப்புறம்தான் தெரிந்தது, பக்கத்துத் தெரு மருந்துக் கடையில் யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையை ஆறு மாதமாக ராத்திரி பாதி பாதியாக விழுங்கிவந்திருக்கிறார்! அதோடு தியேட்டரில் கொடுக்கும் மருந்தும் சேர்ந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்? ஆண்களாக இருந்தால் குடிப் பழக்கத்தையும் மறைக்கக் கூடாது. சொன்னால் மானம் போகும் என்று மனைவிமார் விழுங்கிவிடுகிறார்கள். டாக்டரிடம் தனியாகப் போயாவது சொல்லுங்கள்.

வயிற்று விஷயத்தில் எனக்கு ஒரு பழைய சூடு உண்டு. சில வருஷத்துக்கு முன் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன். பசிக்கிறதே என்று அவள் அம்மா விடியற்காலையில் ஒரு தம்ளர் பால் காப்பி கொடுத்துவிட்டு, 'ஒண்ணும் சாப்பிடலை' என்று நர்ஸிடம் சொல்லிவிட்டாள். பாதித் தூக்கத்தில் அந்தப் பெண் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழலில் போய், ஒரு வாரம் கூடுதலாகப் படுத்திருந்தாள். தூங்குகிறவருக்கு இருமித் துப்பத் தெம்பு இருக்காது, அதுதான் காரணம். சாப்பாடும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும். பச்சைத் தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை ஆகும் என்பது பொதுவான விதி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 4 மணி நேரம். உங்கள் டாக்டர் சொல்லும் நேரம் எதுவோ அதுவே சட்டம். நம் பால் காப்பி தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்கு!

முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் இளம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சிசேரியனும் பெரும்பாலும் முதுகு ஊசியில்தான் நடக்கிறது. 'என்னையும் தூங்க வையுங்கள்' என்று கேட்கத் தோன்றும். குழந்தை வெளியே வரும்வரை தூக்க மருந்தைத் தவிர்க்கவே பார்ப்பார்கள், ஏனென்றால் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேரும். பிறந்த பிறகு கேட்டால் கொடுக்கலாம். ஆனால் மிடசோலம் போன்ற மருந்துக்கு ஒரு குணம். பேசுவோம், சிரிப்போம், குழந்தையைப் பார்த்து மூக்கு யார் சாயல் என்றுகூடச் சொல்வோம். மறுநாள் அதில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. முதல் முகத்தைப் பார்த்த நினைவு வேண்டுமா என்று யோசித்துக் கேளுங்கள். மிகவும் பயமாக இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், கையைப் பிடித்துக்கொள்ள ஒரு நர்ஸ் கிடைத்தாலே பாதி பயம் போய்விடும்.

கண்புரை ஆபரேஷனுக்கு இன்னும் சுலபம். கண்ணருகே மட்டும் மரத்துப்போக வைக்கிறார்கள், தூக்க மருந்து அநேகமாகக் கிடையாது. நம் பக்கத்துப் பாட்டிகள் தாத்தாக்கள் எத்தனையோ பேர் திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே அசந்து தூங்கினால்தான் வம்பு. திடுக்கென்று விழித்துத் தலையைத் திருப்பினால் என்ன ஆவது!

அத்தையின் ஆபரேஷன் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. வராண்டாவில் நாங்கள் இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியை இறக்கிவிட்டு, "நடுவுல ஒரு தடவை மட்டும் கொஞ்சம் ஆழத்துக்குப் போனாங்கக்கா. மருந்தைக் குறைச்சிட்டு, வலது காதுகிட்ட குனிஞ்சு, வடகரை ஆச்சின்னு கூப்பிட்டேன். கண்ணை முழிச்சு, 'யாருளா அது?'ன்னு கேட்டாங்க" என்றார். தியேட்டரில் எல்லாரும் சிரித்துவிட்டார்களாம்.

அப்புறமும் இரண்டு ராத்திரி நாங்கள் முறை வைத்து விழித்திருந்தோம். மூக்குக் கண்ணாடியை உடனே மாட்டிவிட்டோம், பகலில் ஜன்னலைத் திறந்துவைத்தோம், தெரிந்த முகம் ஒன்று எப்போதும் எதிரில் இருந்தது. ராத்திரி விளக்கை அணைத்துத் தூங்கவிட்டோம். புத்தி தடுமாறாமல் இருக்க இவையெல்லாம் உதவும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் மட்டும் அத்தை, "கன்னுக்குட்டியைப் பிடிச்சுக் கட்டு" என்றார். வீட்டில் கன்றுக்குட்டி இல்லாமல் போய் இருபது வருஷம் ஆகிறது. காலையில் சரியாகிவிட்டது.

இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை நடக்கிறார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே புகார்தான். "ஆசுபத்திரியிலே அந்தப் பிள்ளை என்னைத் தூங்கவே விடலை, தெரியுமா? கண்ணை அசந்தா ஆச்சி, கண்ணை அசந்தா ஆச்சி. பத்து வாட்டி கூப்பிட்டிருப்பா!" ஆனாலும் அடுத்த மாதம் செக்கப்புக்குப் போகும்போது அந்தப் பிள்ளைக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோக வேண்டுமாம். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இந்தச் சாரலில் அது எப்போது காய்ந்து, நான் எப்போது ஊறுகாய் போட்டு!